காலத்தைக் குறிக்காத அக்ரிமென்ட்

"அதை அப்படியே விட்டுடுங்க சார். நிரப்பினா லீகலுக்குப் போகும், போனா பேமென்ட் எப்போ வரும்னு எனக்கே தெரியாது." நான் கட்டுரை எழுதிக் கொடுத்த இணையதளத்தின் உதவி ஆசிரியர் போனில் சொன்னது இவ்வளவுதான். அக்ரிமென்ட்டில் 'உரிமைக் காலம்' என்பதற்கு எதிரே வெறும் கோடு, 'உரிமை செல்லும் இடம்' என்பதற்கு எதிரேயும் கோடு. இரண்டு ஆண்டு என்று எழுதட்டுமா என்றுதான் கேட்டேன். அவருக்கு அவசரம், எனக்குப் பணம் வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டு ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டேன்.

போனை வைத்தபோது எரிச்சல்தான். நிரப்பாத தாளில் கையெழுத்து வாங்குவது வட்டிக்கடைக்காரர் பழக்கமல்லவா? காலம் எழுதாவிட்டால் கட்டுரை என்றென்றைக்கும் அவர்களுடையது என்றுதான் நானும் எனக்குத் தெரிந்த மற்ற ஃப்ரீலான்ஸ்காரர்களும் நினைத்திருந்தோம். அப்புறம் வக்கீல் நண்பர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவு, நாங்கள் நினைத்ததற்கு நேர்மாறு. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அதுவும் போய்விடும். "நீங்க ரெண்டு வருஷம்னு எழுதி, அவங்க லீகல் அதை அடிச்சுட்டு, பதிப்புரிமை இருக்கிற காலம் முழுக்கன்னு போட்டிருந்தா?" என்று கேட்டார். என் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் என்று அர்த்தம். எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்படியானால் அந்த உதவி ஆசிரியர் தெரிந்துதான் சொன்னாரா? இதுதான் இன்னும் பிடிபடவில்லை. 'அப்படியே' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தினார் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், அதெல்லாம் நானாகச் சேர்த்துக்கொண்டது, மாதக் கடைசியில் இருபது கோப்புகளை மூடவேண்டிய ஒருவர் என்னைத் தள்ளிவிட்டார், அவ்வளவுதான் என்று படுகிறது. கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். ஆனால் தெரிந்து செய்திருந்தால், தன் நிறுவனத்துக்கு எதிராக எனக்கு உதவியிருக்கிறார், அதை அவர் வாயால் சொல்லவைப்பது நன்றியாகுமா? தெரியாமல் செய்திருந்தால் நான் கேட்பதே அவருக்குப் பாடம் எடுப்பதாகிவிடும்.

மற்றவர்களிடம் சொல்வதிலும் இதே குழப்பம். சம்பளத்துக்குப் பத்திரிகையில் இருப்பவர் கதை வேறு. ஃப்ரீலான்ஸ்காரர் எழுதியது, அவராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவரை அவருடையதுதான். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மேடையில் பேசலாம். ஆனால் எல்லோரும் தெரிந்துகொண்டால் அந்தக் கோடு காலியாக இருக்குமா? அமெரிக்காவில் நியூயார்க் டைம்ஸ் மீதான டாசினி வழக்கை ஒரு காலத்தில் நான் பெரிதாகக் கொண்டாடியவன். அச்சுக்கு விற்ற கட்டுரைகளைக் கேட்காமல் மின் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் போட்ட வழக்கு, 2001இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். பத்திரிகையோ பழைய கட்டுரைகளைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்போவதாக அறிவித்தது; புதிதாக எழுதுபவர்களிடம் மின்னுரிமையையும் சேர்த்தே முதலிலேயே எழுதி வாங்குவது வழக்கமாகிவிட்டது. அதற்காக வழக்கே போட்டிருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். நான் இருக்கும் இடத்திலிருந்து சொல்வது சுலபம், அதுவும் தெரிகிறது.

இதோ நானே எழுதிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள். ரகசியம் காப்பதில் ஒன்றும் மிச்சமில்லை என்பதும் ஒரு காரணம். அதே இணையதளத்திலிருந்து அடுத்த கட்டுரைக்கு வந்த அக்ரிமென்ட்டில் கோடே இல்லை. காலம் முழுக்க, உலகம் முழுக்க, இனி கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள் உட்பட என்று அச்சாகவே வந்துவிட்டது. அனுப்பியவரும் வேறொருவர். யாரோ கோட்டைக் கவனித்திருக்கிறார்கள். அந்தப் பழைய உதவி ஆசிரியர் போனதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று யோசிக்காமலிருக்க முயல்கிறேன்.

என் தொகுப்பு நூலில் சேர்த்துக்கொள்ளும் உரிமை மட்டும் எனக்கு வேண்டும் என்று ஒரு வரி கேட்டேன். தரலாம், கட்டணத்தில் ஐநூறு ரூபாய் குறையும் என்றார்கள். தொகுப்பு போட எந்தப் பதிப்பகமும் இதுவரை என்னைக் கேட்டதில்லை. சரி என்றேன்.