தங்கத்தில் உடையாத குமிழி

நவம்பர் 5

குடுவையின் அடியில் காய்ந்து கிடந்த லிப்பிட் (உயிரணுச் சவ்வில் இருக்கும் கொழுப்பு வகை), எண்ணெய்க்கை பட்ட கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்தது. பஃபர் (அமிலத்தன்மை மாறாத கரைசல்) ஊற்றிக் குலுக்கியதும் லிப்பிட் குட்டிக் குமிழிகளாகி நீர்மோர் நிறம். நடுவில் 100 நானோமீட்டர் துளைச் சவ்வு, இரு பக்கமும் சிரிஞ்சு: 11 தடவை தள்ளினேன். எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் முடிய வேண்டும். அப்போதுதான் சவ்வைத் தாண்டாத பெரிய குமிழிகள் பழைய சிரிஞ்சிலேயே நின்றுவிடும்.

போன மாதம் டிபிபிசி என்ற லிப்பிடை ஏசி அறையில் தள்ளப் போய்ச் சவ்வைக் கிழித்தேன். அது 41 டிகிரிக்கு மேல்தான் இளகும். இப்போதைய லிப்பிடான டிஓபிசி பூஜ்யத்துக்குக் கீழேயும் இளக்கமாகவே இருக்கும், தொல்லையில்லை.

நவம்பர் 6

முழு நாளும் வீண்.

ஒட்டுவதை எடைபோடும் கருவியின் குவார்ட்ஸ் தட்டு நொடிக்கு 50 லட்சம் தடவை அதிரும். மேலே ஏதாவது ஒட்டினால் அதிர்வெண் குறையும். சிலிக்கா பூசிய தட்டில் குமிழிகள் முதலில் முழுசாக, உள்ளே தண்ணீரோடு வந்து உட்காரும், அதிர்வெண் சரியும். நெரிசல் கூடியதும் உடைந்து படலமாக விரியும். தண்ணீர் வெளியேறுவதால் கோடு மறுபடி ஏறி, ஆரம்பத்தைவிட 25 ஹெர்ட்ஸ் கீழே நிலைக்கும். அந்த ஏற்றத்துக்காகத்தான் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பது.

இன்று சரிந்தது, ஏறவே இல்லை. பஃபரை மாற்றினேன், கால்சியம் சேர்த்தேன். கடைசியில் சீனியர் அக்கா டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

“டேய், இது சிலிக்கா இல்ல. வெறும் தங்கம்.”

சிலிக்காவுக்கு அடியிலும் தங்கம்தான் என்பதால் அவசரத்தில் இரண்டும் ஒன்றாகவே மின்னுகின்றன. தங்கத்தில் குமிழி உடையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கெல்லரும் காசெமோவும் 1998-லேயே காட்டிவிட்டார்கள். அந்த வரியை அடிக்கோடு போட்டுப் படித்தவன் நான்!

நவம்பர் 7

சரியான தட்டு, புற ஊதா ஓசோனில் சுத்தம் செய்தது. சரிந்தது, தயங்கியது, ஏறியது. 25.6 ஹெர்ட்ஸ் கீழே நிலைத்தது. அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நவம்பர் 10

மைக்கா என்ற அடுக்கடுக்கான கனிமத்தை செலோடேப் ஒட்டி உரித்தால் புதுப்பரப்பு. அதில் படலம் போட்டு, பரப்பை ஊசியால் தடவிப் படம் பிடிக்கும் அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியை இறக்கினேன். கொஞ்ச தூரம் எதிர்த்து நின்ற படலம் திடீரென்று விட்டுக்கொடுத்தது. ஊசி குதித்த தூரம் 4 நானோமீட்டருக்குப் பக்கம். இரண்டே மூலக்கூறு உயரம்.

படலத்துக்கும் மைக்காவுக்கும் இடையே மெல்லிய தண்ணீர்ப் படுகை உண்டு. அதன்மேல் லிப்பிடுகள் பக்கவாட்டில் வழுக்கி ஓடும். ஊசியை எடுத்துவிட்டு அதே இடத்தைப் படம் பிடித்தேன். துளையைக் காணோம்.