நட்சத்திர வராகன் வாங்கிய அனுபவம்

பழைய தங்கக் காசு சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "தங்கம் அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?" என்பதைத்தான். நட்சத்திர வராகன் என்ற பழைய தங்கக் காசு ஒன்றைத் தேடி வாங்கி முடித்திருக்கிற நிலையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியால் பெரிய பிரயோஜனம் இல்லை. போலி அடிக்கிறவர்கள் தங்கத்திலேயே அடிக்கிறார்கள். வராகனின் எடை 3.4 கிராம்தான், அவ்வளவு தங்கத்தின் விலையைவிடப் பழைய காசுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது என்பதால் அதிலேயே அவர்களுக்கு லாபம் நிற்கிறது. நாம் பார்க்க வேண்டியது காசு அசலா என்பதை.

எனக்கு இந்தக் காசின் மேல் அப்படி ஒரு ஈர்ப்பு. ஒரு பக்கம் நின்ற கோலத்தில் பெருமாள், மறுபக்கம் பொடிப்பொடியான மணிகளுக்கு நடுவே ஐந்து முனை நட்சத்திரம். 18ஆம் நூற்றாண்டில் சென்னைப் பட்டணத்தின் வியாபாரம் இதில்தான் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் ராஜாவின் தலையைப் போடாமல் பெருமாளைப் போட்டு அடித்தார்கள் என்றால், விஜயநகர காலத்திலிருந்து தென்னாட்டுச் சந்தை சாமி உருவம் போட்ட வராகனைத்தான் நம்பியது என்பதே காரணம். ஹைதர் அலியும் அதை மாற்றத் துணியவில்லை. கர்நாடகத்து இக்கேரி வராகனில் இருந்த உமாமகேசுவரரை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பக்கம் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் பாரசீகத்தில் பொறித்துவிட்டார். சென்னைக் கணக்கில் 1 வராகனுக்கு 42 பணம், 1 பணத்துக்கு 80 காசு. 1818இல் ரூபாய்க் கணக்கு வந்தபோது 1 வராகன் 3½ ரூபாய் என்று வைத்தார்கள்.

நேரடியாக வராகனில் இறங்காமல், வீரராயன் பணம் என்ற பொடித் தங்கக் காசில் ஆரம்பித்தேன். 0.35 கிராம் அளவில்தான் எடை, சுண்டு விரல் நகத்தைவிடச் சிறியது, நிறையக் கிடைப்பதால் விலையும் கைக்கு அடக்கம். அதை வைத்துக்கொண்டு பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பார்த்துப் பழகினேன். அச்சில் வைத்து அடித்த காசில் கோடுகளின் ஓரம் கூர்மையாக எழும்பி நிற்கும், பள்ளமான இடம் வழுவழுப்பாக இருக்கும். உருக்கி வார்த்த போலிக் காசில் ஓரம் மழுங்கி, பரப்பெல்லாம் ஊசி குத்தியது போன்ற துளைகள் தெரியும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போய் அசல் காசுகளைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு வந்தேன். புகைப்படத்தில் எல்லாக் காசும் பெரிதாகத் தெரியும். நேரில் வராகன் ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். அந்த அளவு கண்ணில் பதிய வேண்டும்.

அப்புறம் ஒரு நாணயக் கண்காட்சியில் வியாபாரி ஒருவர் தட்டில் சில நட்சத்திர வராகன்களை வைத்துக் காட்டினார். முதலில் தள்ளியவை வளையம் பற்றவைத்த தடம் உள்ளவை. நம் வீடுகளில் காசைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டார்கள், அதில் தவறில்லை. ஆனால் பற்று எடுத்து அரம் போட்ட இடத்தில் மணிகள் அழிந்திருக்கும். அப்படிப்பட்ட காசுக்கு முழு விலை கொடுக்கக் கூடாது. அடுத்ததாக, இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரே அச்சில் அடித்த காசுகள் ஒத்திருக்கலாம், ஆனால் புழங்கியதால் விழுந்த கீறல் இரண்டிலும் ஒத்திருக்காது. இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றது வார்க்கப்பட்டது, அல்லது இரண்டுமே வார்ப்பு.

மனத்துக்குப் பட்ட ஒன்றை எடுத்தேன். அசல் இல்லையென்றால் திருப்பி வாங்கிக்கொள்வதாக பில்லிலேயே எழுதிக் கேட்டேன், எழுதிக் கொடுத்தார். இதற்குத் தயங்குகிற வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

மதுரையில் தெற்காவணி மூல வீதிப் பக்கம் எனக்குப் பழக்கமான பொற்கொல்லர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் மில்லிகிராம் வரை காட்டும் தராசு உண்டு. காசை வாங்கி உரைகல்லுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். "அண்ணே, உரசக் கூடாது" என்று தடுத்து, நீரில் எடை போடுவோம் என்றேன். செய்முறை சுலபம். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டுகிற கிராம் காசின் கன அளவு. வெளியில் போட்ட எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். நட்சத்திரப் பக்கத்து மணிகளுக்கு இடையில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுத்தது. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு மறுபடி இறக்கிய பிறகுதான் எண் நிலைத்தது. வெளியில் 3.39, நீரில் 0.211. அடர்த்தி 16க்குச் சற்று மேல்.

"தம்பி, இது மட்டத் தங்கம். எண்பது சொச்சம்தான் தேறும், 22 கேரட்டுன்னா 17½க்கு மேல நிக்கணும். திருப்பிக் கொடுத்துருங்க" என்றார். எனக்கோ அப்போதுதான் நிம்மதி. நட்சத்திர வராகன் 19 கேரட்டை ஒட்டிய தங்கத்தில் அடிக்கப்பட்டது, கிட்டத்தட்ட 80 சதவீதம். கிரெய்ன் என்ற ஆங்கிலேய எடை அளவில் சொன்னால், 52½ கிரெய்ன் எடையில் சொக்கத் தங்கம் 42 கிரெய்ன்தான். இந்தக் காசு 22 கேரட் காட்டியிருந்தால்தான் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன், இன்றைய நகைக்கடைத் தங்கத்தை உருக்கி அடித்தது என்று அர்த்தம். அதற்காக 80 காட்டினாலே அசல் என்றும் ஆகாது. விவரம் தெரிந்த போலிக்காரன் கலப்பையும் சரியாகச் செய்வான். மணி, கீறல், ஓரம், எடை, அடர்த்தி எல்லாம் ஒரே பக்கம் கைகாட்ட வேண்டும்.

சோதனை முடிந்ததும் பொற்கொல்லர் அன்போடு பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மணிகளுக்கு நடுவே படிந்த கருமைதான் காசுக்கு வயதைச் சொல்லும் சாட்சி. அதைத் தேய்த்துவிட்டால் விலையும் போய்விடும். இப்போது கடினமான பிளாஸ்டிக் கூட்டில், பில்லோடு லாக்கரில் இருக்கிறது.

சட்ட விஷயம் ஒன்று. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன், தனக்கும் ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னான். முடியாது என்று சொல்லிவிட்டேன். 100 வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதேபோல, "தோட்டத்தில் கிடைத்தது, பாதி விலை" என்று யாராவது வந்தால் தொடவே தொடாதீர்கள். மண்ணில் கிடைக்கும் புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878லேயே சட்டம் இருக்கிறது. 2020இல் திருவானைக்காவல் கோயிலில் தோண்டும்போது 505 தங்கக் காசுகள் ஒரே பாத்திரத்தில் கிடைத்தபோது அவை அரசுக்குத்தான் போயின. அப்படிக் கிடைக்கிறவை எந்தப் பாத்திரத்தில், எந்தக் காசோடு சேர்ந்து இருந்தன என்ற விவரம் தனித்தனியாக விற்றால் அழிந்துபோகும், அது எனக்குத் தாங்காது.

அடுத்து மூன்று சுவாமி வராகன் தேடுகிறேன், ஸ்ரீதேவி பூதேவியோடு பெருமாள் நிற்பாரே, அது. வளையத் தடம் இல்லாமல், பில்லோடு கிடைத்தால் இதே நீர்ச் சோதனையைச் செய்து எண்களை எழுதுகிறேன்.