எழுத்துகளோடு ஏழு கிலோமீட்டர்

குரோஷியாவின் இஸ்திரியாவில் ரோச் ஊரிலிருந்து ஹும் வரை நடந்தோம். 7 கிலோமீட்டர்தான், ஆனால் நின்று நின்று போனதில் அரை நாள் ஓடிவிட்டது. 9ஆம் நூற்றாண்டில் சிரில் என்ற கிறிஸ்தவ மதபோதகர் ஸ்லாவிய மொழிக்காக உருவாக்கிய கிளகோலித்திக் எழுத்துமுறைக்காக வழிநெடுக 11 நினைவுச்சின்னங்கள். ஜெலிமிர் யானெஷ் என்ற சிற்பி 1977 முதல் 1985 வரை செய்தவை.

முதல் சின்னமே 'ஸ' ஒலிக்கான எழுத்துதான், கல்லில் நிற்கிறது. அந்த எழுத்தின் பெயர் 'ஸ்லோவோ', அதாவது சொல். எழுத்துக்கே இப்படிப் பெயர் வைத்தவர்களைப் பிடித்துப்போனது.

கடைசிச் சின்னம் ஹும் நகரின் செப்புக் கதவு. கைப்பிடி மாட்டுக்கொம்பு வடிவம், பிடித்தால் சில்லென்றிருந்தது. உலகின் மிகச் சிறிய நகரம் என்று பெருமைப்படுகிறார்கள். சரி, நம் கணக்கில் ஒரு தெருகூடத் தேறாது. ஆனால் காபி கிடைத்தது!