எக்ஸ்பிரஸ் கூரியரில் அனுப்பும் முன் பெட்டியை அளந்து பாருங்கள்

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஒன்றும் இரண்டுமாகப் பொருள் அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எது சீக்கிரம் போய்ச் சேரும்?" என்பதுதான். டிஹெச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் எதில் அனுப்பினாலும் முக்கிய நகரங்களுக்குச் சில நாளில் போய்விடும். காசு கரைவது வேறு இடத்தில்.

முதலில் பெட்டி. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது வால்யூமெட்ரிக் எடை. அதுவும் நிஜ எடையும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 40, 30, 20 செ.மீ. பெட்டியில் ஒரு கிலோ துணியை வைத்தால் 4.8 கிலோ என்று கணக்காகும்; அதையே காற்றை வெளியேற்றி 30, 25, 6 செ.மீ. அளவில் தட்டையாகக் கட்டினால் 0.9 தான், ஆகவே நிஜ எடையான ஒரு கிலோவுக்குக் கட்டினால் போதும்.

அடுத்து, பொருள் போய்ச் சேரும் நாட்டின் இறக்குமதி வரியை யார் கட்டுவது. டிஏபி முறையில், அதாவது வரி சேர்க்காமல் வாசல் வரை அனுப்பினால், வாங்குபவர்தான் கட்ட வேண்டும், அதுவும் வரியோடு கூரியரின் கையாளும் கட்டணத்தையும் சேர்த்து. இது தெரியாமல் வாங்கியவர் வாசலில் பில்லைப் பார்த்ததும் பார்சல் வேண்டாம் என்றுவிடுவார், திரும்பி வரும் செலவு நம் தலையில் விழும். அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டதால், அங்கே சின்ன பார்சலுக்கும் இந்தத் தலைவலி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்தே முதல் யூரோவுக்கும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. 150 யூரோ வரையிலான பொருளுக்கு ஐஓஎஸ்எஸ் (இந்த வாட்டை விற்பவரே வசூலித்துக் கட்டும் ஒன்றியத்தின் முறை) பதிவு இருந்தால் விற்கும்போதே வசூலித்துவிடலாம். என்னைக் கேட்டால், கட்டணம் கொஞ்சம் கூடினாலும் நாமே வரி கட்டி அனுப்பும் டிடிபி தான் நல்லது. முடியாவிட்டால், வாங்குபவர் பணம் கட்டும் பக்கத்திலேயே வரி தனி என்று பளிச்சென்று எழுதிவிடுங்கள்.

அஞ்சல் துறையின் வெளிநாட்டு விரைவு அஞ்சலான இஎம்எஸ் பெரும்பாலும் மலிவு, அவசரமில்லாத பொருளுக்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் பார்சல் அந்த நாட்டு அஞ்சலின் கைக்குப் போனபின் டிராக்கிங் சில சமயம் நாள்கணக்கில் நகராது.

அப்புறம் இன்வாய்ஸ். "கார்மென்ட்ஸ்" என்று மொட்டையாக எழுதாமல் "பெண்கள் மேல்சட்டை, 100% பருத்தி, நெய்த துணி, ஹெச்எஸ் 620630" என்று ஆங்கிலத்தில் விவரமாக எழுதுங்கள்; ஹெச்எஸ் என்பது சுங்கத்தில் பொருளின் வகையைக் குறிக்கும் எண். விற்ற பொருளைக் கிஃப்ட் என்று போடவே போடாதீர்கள், அது பொய்க் கணக்கு, பிடிபட்டால் பார்சலே பறிபோகலாம். வாங்குபவரின் போன் நம்பரும் கட்டாயம் வேண்டும், சுங்கத்தில் சந்தேகம் வந்தால் கூரியர்காரர் கூப்பிடுவது அந்த நம்பரைத்தான்.