ஸ்பைடர்மேன் ஆறுமுகம்

நேத்து சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை சாப்பாட்டுக் கடையில மலேசியாவோட பழைய கால்பந்து கோல்கீப்பர் ஆறுமுகம் பத்திப் பேச்சு வந்தப்போ ஒரு தம்பி, "யாருண்ணே அந்த ஆறுமுகம்?"னு கேட்டான். அவன் போட்டிருந்தது யூரோப் கோல்கீப்பர் பேர் போட்ட ஜெர்சி. கோபம் வரல, கொஞ்சம் வருத்தம்தான்.

எங்க ரப்பர் தோட்டத்துல லயத்துப் பையன்கள்ல எவன் நெட்டையோ அவன்தான் கோல்கீப்பர். கோயிலுக்குப் பின்னாடி செம்மண் திடல், பால்மரக் கம்புல கோல் போஸ்ட். கார்னர் பந்தை எவனாவது எட்டிப் பிடிச்சுட்டா போதும், "டேய் ஆறுமுகம்டா!"னு கத்துவாங்க. முட்டி தேய்ஞ்சு ரத்தம் வந்தாலும் அந்தப் பேருக்காகவே மறுபடியும் பாய்வானுங்க.

ஆர். ஆறுமுகம். சிலாங்கூர், மலேசிய அணிகளோட கோல்கீப்பர். அந்த நீளக் கைக்குத்தான் ஸ்பைடர்மேன்னு பேர். 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டுல வெண்கலம் வாங்கின அணியில இருந்தவர். 1980ல மெர்டேக்கா ஸ்டேடியத்துல தென் கொரியாவை 2-1னு சாய்ச்சு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி வாங்கினப்போவும் கோல்ல நின்னவர் அவர்தான். கடைசியில சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள புகுந்த விவகாரத்துல மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணிச்சுது. அரசியல் சரியா தப்பான்னு நான் பேச வரல, ஆனா ஆட்டக்காரனுக்கு அந்த வயசு திரும்ப வராது இல்லையா?

அந்தக் கால மலேசிய ஆட்டக்காரங்கன்னா மொக்தார், சோ சின் ஆன், சந்தோக் சிங்னு பேசறவங்க இவரை நாலாவதா சொல்றது எனக்குப் பிடிக்காது. பின்னால இவர் நிக்கிறாருன்ற தைரியத்துலதானே முன்னாடி ஆடினாங்க!

1988ல சாலை விபத்துல போயிட்டார். முப்பத்தஞ்சு வயசுதான்.

அவர் ஆட்டத்தை ஸ்டேடியத்துலயே பார்த்த பெரியவங்க யாராவது இருந்தா எழுதுங்க. அந்தத் தம்பிக்குக் காட்டணும்.