வலது கண்ணுக்கு மூன்று லேசர் அமர்வுகள்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். ஒரு நாள் காலை 'மகன்' என்ற சொல்லில் ககரத்தின் தலையில் ஒரு புள்ளி தெரிந்தது. அடித்துத் திருத்தச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பார்வையை நகர்த்தியதும் புள்ளியும் கூடவே நகர்ந்து அடுத்த எழுத்தில் போய் உட்கார்ந்தது. மாலைக்குள் அது நூலாக நீண்டு புகைபோலப் பரவிவிட்டது. வலது கண்ணை மூடிக்கொண்டால் தாள் சுத்தமாக இருந்தது.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து பதினொரு ஆண்டுகள். விழித்திரையை ஒரு முறைகூடச் சோதித்ததில்லை. எழுத்து மங்கினால் கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிக்கொள்வேன். படிக்க முடிகிறதே, கண்ணுக்கு என்ன குறை என்றிருந்தேன். அது பெரிய தவறு. சர்க்கரையால் விழித்திரையில் வரும் நோய் நன்றாக முற்றும்வரை பார்வை தெளிவாகவே இருக்கலாம்.

மறுநாள் மனைவியுடன் மதுரைக்குப் பஸ் ஏறினேன். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். (அதன் பிறகு சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும், முன்பே சொல்லிவிட்டதால் பயப்படவில்லை.) திரையில் விழித்திரையின் ஓரங்களில் சாயமே எட்டாத கருந்திட்டுகள். அவற்றின் விளிம்பில் வெண்பஞ்சுபோல் சாயம் கசிந்த இடங்கள், புதிதாக முளைத்த ரத்தக் குழாய்கள். அவற்றில் ஒன்று உடைந்து கசிந்த ரத்தம்தான் நான் பார்த்த புள்ளி.

"லேசர் வைத்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"குறையும் ஐயா. குறைந்தால்தான் நல்லது" என்றார் அந்த இளம் மருத்துவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். நுண்குழாய்கள் அடைபட்ட இடத்தில் விழித்திரை ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிறது; வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தைச் சுரந்து கூப்பாடு போடுகிறது. அதைக் கேட்டுத்தான் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. சுவரில் பலமில்லாததால் கசிகின்றன, உடைகின்றன. விழித்திரையில் ஆக்சிஜனை மிக அதிகமாகச் செலவழிப்பவை, வெளி அடுக்கில் இருக்கும் ஒளியுணரும் செல்கள். பின்னால் உள்ள கோராய்டு என்ற ரத்தப் படலத்திலிருந்து அவை அதைப் பெறுகின்றன. ஓரப்பகுதியில் அந்தச் செல்களில் ஒரு பங்கை லேசர் சுட்டுவிடுகிறது. மிச்சமாகும் ஆக்சிஜன் சுட்ட இடங்களின் வழியே உள் அடுக்குகளுக்கு வந்து சேர்கிறது. தலைமடையில் பாய்ச்சலைக் குறைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் வருமல்லவா, அதுபோலத்தான். தவிப்பு தீர்ந்ததும் கூப்பாடு அடங்கும்; விரிந்திருந்த குழாய்கள் சுருங்கும், ஓட்டம் குறையும், புதுக் குழாய்கள் வதங்கும்.

இதற்கு விலை உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். போன பார்வையை மீட்பதற்காக அல்ல, இருப்பதைக் காப்பதற்காகத்தான் லேசர். 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு, இந்தச் சிகிச்சை கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கும் மேல் குறைப்பதைக் காட்டியது என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டேன்.

கண்ணை மரக்கச் செய்துவிட்டு, பசைபோன்ற மருந்து தடவிய லென்ஸைக் கண்மேல் பொருத்தினார்கள். தாடையைத் தாங்கியில் வைத்தேன். பச்சை மின்னல்கள் சரசரவென்று வந்தன. பெரும்பாலும் வலியில்லை. ஆனால் கண்ணின் பக்கவாட்டில் சுட்டபோது பல் நரம்பைத் தொட்டதுபோல் பின்மண்டைவரை இழுத்தது. அசையாமல் வாயால் சொன்னேன். உடனே சக்தியைக் குறைத்தார். வலித்தால் சொல்லிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. எழுந்தபோது அறை முழுக்க ஊதாவாகத் தெரிந்தது. துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள். மூன்று அமர்வுகளில் ஏறத்தாழ 1,500 சூடுகள்.

மூன்று மாதம் கழித்துப் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். மணி கோத்ததுபோல் புடைத்திருந்த சிரைகள் மெலிந்து சீராக ஓடின. வெண்பஞ்சுத் திட்டுகளைக் காணவில்லை. ஓரமெங்கும் வெளிறிய தழும்புகள். நான் அந்தச் சிரைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புகை கரைந்துவிட்டது, நூல் ஒன்று மட்டும் எப்போதாவது வரிகளின் குறுக்கே மிதக்கிறது. இருட்டிய பிறகு மாடிப்படி இறங்க டார்ச் வேண்டியிருக்கிறது. இடது கண்ணிலும் புதுக் குழாய்கள் தலைகாட்டியிருக்கின்றன. அதற்கு முதல் அமர்வு வரும் வியாழக்கிழமை.