உப்புச் சுவரில் காகிதம் ஒட்டும் தொழில்

வால்பேப்பர் செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கம் முதலில் வரும் கேள்வி, "இந்த உப்புக்காத்துல அது நிக்குமா?" நியாயமான கேள்விதான். ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கத்தில் ஒரு ஷெட், நீளமான மேசை, ஸ்கிரீன் பிரின்டிங் சட்டங்கள், நானும் இரண்டு அக்காக்களும். இவ்வளவுதான் எங்கள் கம்பெனி. பிளாஸ்டிக் பூச்சு இல்லாத காகிதத்தில் கையால் அச்சடித்து விற்கிறோம். இதே யோசனையில் இருக்கும் சிலர் விவரம் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் வால்பேப்பர் பெரும்பாலும் வினைல், அதாவது பிவிசி. ஈரத்துணியால் துடைக்கலாம், விலையும் குறைவு. ஆனால் சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் பின்னால் கருப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கும். காகிதம் ஈரத்தை விட்டுவிடும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

நிறத்தில்தான் அதிக நாள் போனது. இயற்கைச் சாயம் என்றதும் மனது மஞ்சளுக்கும் சாயவேருக்கும்தான் ஓடியது. சாயவேர் இந்த மணல் கரையில் தானாக முளைக்கும் செடி. சோழமண்டலக் கரைத் துணிகளுக்கு ஒரு காலத்தில் சிவப்பு கொடுத்ததே அதன் வேர்தான். ஆனால் வேரோடு பிடுங்கினால்தான் சாயம். படிகாரம் ஏற்றிய துணியை வேர்ச்சாற்றில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். காகித ரோலை அப்படிக் கொதிக்க வைக்க முடியாது. மஞ்சள் இன்னொரு வகையில் கைவிட்டது. வெயிலில் வெளிறுவது இருக்கட்டும், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டினால் திட்டுத்திட்டாகச் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் நடப்பதேதான் சுவரிலும் நடக்கிறது.

கடைசியில் மண் நிறங்களுக்கு வந்தோம்: காவிக்கல், மஞ்சள் காவி, கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்புக்கல் தூள். காவியின் நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருகிறது; அது சுண்ணாம்புக்கும் மாறாது, வெயிலுக்கும் வெளிறாது. சந்தேகம் இருந்தால் ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். சேதுபதிகள் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு எனக்குக் கலர் கார்டு தேவைப்படவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'வாட்டர் பேஸ்டு' என்று விற்கும் மைகளிலும் நிறத்தைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் பைண்டர், அதுவும் பிளாஸ்டிக்தான். பாலிலிருந்து எடுக்கும் கேசீன் என்ற புரதத்தைச் சேர்த்து நாங்களே குழைக்கும் நிறத்தில் அது இல்லை. ஆனால் அதை ஈரத்துணியால் தேய்த்துத் துடைக்க முடியாது. சமையலறைக்குக் கேட்டால் கொடுப்பதில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

பசைக்கு ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவது. போஸ்டருக்கு அது சரி. துத்தம் விஷம், வீட்டுக்குள் எனக்கு அது வேண்டாம். துத்தம் போடாத மைதாவை ராமபாணப் பூச்சி விடாது. செல்லுலோஸ் பசைத்தூளைத் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்துகிறோம். மைதா அளவுக்குப் பூச்சியை இழுப்பதில்லை. நனைத்தால் காகிதம் முழுசாக உரிந்து வரும், அதனால் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் வசதி.

அப்புறம் சுவர். என் வேலையில் பாதி இங்கேதான். எங்களோடு வரும் கொத்தனார் அண்ணன் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிவிட்டுச் சொல்லிவிடுவார்: "இது போர் தண்ணில பூசின சுவருத்தா. எத ஒட்டினாலும் தள்ளிரும்." உப்புத் தண்ணீரில் குழைத்த பூச்சு, காயக் காய உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கரைந்து திரும்ப உள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். ஈரம் பார்க்க ஒரு பாலிதீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுவோம். உட்பக்கம் நீர் கோத்தால் அந்தச் சுவருக்கு இப்போது வேலை இல்லை. சுண்ணாம்பின் காரம் குறைந்ததா என்று பார்க்க, ஓரத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தொட்டு வைத்தால் போதும். சிவந்தால் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். நிறமாக உதவாத மஞ்சள் இதற்கு உதவுகிறது!

தரையிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் மூன்றடிக்குள் நின்றுவிடும். அதனால் கீழே அந்த உயரத்தை வெறும் சுண்ணாம்புக்கு விட்டு, மேலே மட்டும் ஒட்டுகிறோம். சுவர் தேறவே தேறாது என்றால், மரச்சட்டத்தில் காடாத் துணியை இழுத்து அடித்து, அதன்மேல் காகிதத்தை ஒட்டி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டிவிடுவோம். பின்னால் காற்று ஓடும். செலவு கூடும்.

டிசைன் போடுவதில் அழகைவிடக் கணக்கு முக்கியம். வழக்கமான ரோல் 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம். பத்தடிச் சுவருக்கு வெட்டு ஓரத்தோடு 3.15 மீட்டர் பட்டை வேண்டும். டிசைன் 90 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வந்தால், பூவுக்குப் பூ பொருத்தி வெட்டும்போது ஒரு ரோலில் இரண்டு பட்டைதான் தேறும். மூன்றாவதற்கு 30 செ.மீ. பற்றாது, மிச்சமெல்லாம் குப்பை. அதையே 26.5 செ.மீ. ஆக்கினால் மூன்று பட்டை கிடைக்கும். மூலப்பொருளைப் பற்றி ஆயிரம் பேசிவிட்டு ரோலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய பூ கேட்டால் மறுத்துவிடுகிறேன்.

கீழக்கரையில் ஒரு லாத்தா வீட்டுக்குப் போனபோது, "உருவம் வேணாம்மா, பூவும் கொடியும் போதும்" என்றார்கள். அந்த ஊர் பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண் பூவேலையைப் பார்த்துவிட்டு வந்து வரைந்ததுதான் எங்களிடம் இன்றுவரை அதிகம் போகிறது. ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்கள் கேட்பது 3டி பாலம். அது நம்மிடம் இல்லை. கடற்புல்லும் ஆவுளியாவும் (கடல் பசு) இருக்கிறது என்று காட்டுவேன். ஒருவர் நிஜப் பவளத் துண்டுகளை ஓரத்தில் பதிக்கச் சொன்னார். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொட்டாலே கேஸ் என்றதும் விட்டுவிட்டார்.

அரசுப் பதிவு வேலைகளில், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் உட்கார்ந்த இடத்தில் முடியும். காசு கேட்பவரிடம் போகாதீர்கள். பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் மானியக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போனேன். அப்போது கிராமப்புறப் பெண்களுக்கு மானியம் 35 சதவீதம், கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம். திட்ட அறிக்கையைவிட, காகிதத்தைச் சுவரில் ஒட்ட யார் காசு கொடுப்பார்கள் என்று வங்கியில் புரியவைப்பதுதான் பெரிய வேலை. மாதிரி ரோலை மேசையில் விரித்துக் காட்டிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டும்வரை தமிழ்நாட்டுக்குள் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பெங்களூருக்கு விற்கவேண்டும் என்றால் அந்தக் கணக்கு செல்லாது. சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு. வால்பேப்பரின் ஹெச்எஸ்என், அதாவது வரிக்கான பொருள் குறியீடு, 4814.

டிசைன் வரைபவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதியாமல் விட்டு, அதை 50 முறைக்கு மேல் பொருளில் அச்சடித்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி அதன் பதிப்புரிமை போய்விடும். கையால் அச்சடித்தாலும் 50 ரோல் சீக்கிரம் வந்துவிடும். 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தில் பதிந்தால் முதலில் 10 ஆண்டு, பிறகு இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு. ஆனால் பதிய மனுப் போடும் முன் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால் அது புதிது இல்லை. இப்போது மனு போன பிறகுதான் படம் வெளியே போகும்.

ஒட்டும் வேலையைத் தை பிறந்த பிறகுதான் எடுக்கிறோம். மழைக்காலம் முழுக்க அச்சும் வரைவும். சுவர் பார்க்க வருவதற்குத் தனிக் கூலி உண்டு. ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாலும் அது வாங்குவோம். ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள். இப்போது பாதிப் பேர் வீட்டில் பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே கொத்தனார் அண்ணனைக் கூட்டிவரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.